எண்ணைக் கேட்டால் பெயர் வரணும்: வீட்டு டிஎன்எஸ் சர்வரில் ரிவர்ஸ் ஜோன் அமைப்பது

வீட்டில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று இருக்கிறது. ஓர் இரவு அதில் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, நெட்வொர்க்கில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 192.168.1.37 என்ற முகவரி மட்டும் ஓயாமல் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தது. யார் இந்த 37? ஹாலில் இருக்கும் டிவியா, வாசல் கேமராவா, யாரோ சார்ஜில் போட்டு மறந்துவிட்ட பழைய டேப்லெட்டா? ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துத்தான் பிடித்தேன்.

இத்தனைக்கும் அதே பையில் பைண்ட் 9 என்ற மென்பொருளைப் போட்டு ஆறு மாதமாக டிஎன்எஸ் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. பிரிண்டர் எங்கே என்று கேட்டால் 192.168.1.20 என்று சொல்லும். சரி, 20 யார் என்று திருப்பிக் கேட்டால் முழிக்கும். திருப்பிக் கேட்பதற்குப் பதில் சொல்லத் தனியாக ஒரு ஜோன், அதாவது ஒரு பதிவுப் பட்டியல், எழுத வேண்டும். அதுதான் ரிவர்ஸ் ஜோன். அரை மணி நேர வேலை. ஒரு புள்ளியை விட்டுவிட்டால் மட்டும் அரை நாள் ஆகும். அந்தக் கதை பின்னால் வருகிறது.

டெபியன் அல்லது ராஸ்பெரி பை ஓஎஸ், அதில் பைண்ட் 9, பெயரிலிருந்து எண்ணுக்குப் போகும் ஃபார்வர்ட் ஜோன் ஏற்கெனவே ஓடுகிறது, இவ்வளவும் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோப்பிலும் டெர்மினலிலும் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்ச வேண்டும். இங்கே நான் எழுதியிருப்பது அவற்றின் உச்சரிப்பு. புள்ளி, அடைப்புக்குறி, அரைப்புள்ளி மட்டும் எழுதியபடியே வர வேண்டும்.

எண் ஏன் தலைகீழாக நிற்கிறது

புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். 192.168.1 என்ற நெட்வொர்க்குக்கு ரிவர்ஸ் ஜோனின் பெயர் 1.168.192.இன்-அட்ர்.அர்பா. யாரோ வேண்டுமென்றே குழப்பியதுபோல இருக்கும்.

தபால் முகவரி எழுதும்போது கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகிறோம். டிஎன்எஸ் பெயரும் அப்படித்தான். பிரிண்டர்.ஹோம்.அர்பா என்பதில் இடது ஓரம் ஒரே ஒரு கருவி, வலது ஓரம் மொத்தக் கூட்டம். போன் நம்பர் இதற்கு நேர் எதிர். 91 என்றால் இந்தியா, 44 என்றால் சென்னை, அப்புறம்தான் வீட்டு எண். ஐபி முகவரி போன் நம்பர் சாதி: பெரியது இடப்பக்கம், சிறியது வலப்பக்கம். ஐபி முகவரியையும் ஒரு பெயராக்கி டிஎன்எஸ் மரத்தில் தொங்கவிட வேண்டுமென்றால், போன் நம்பரைத் தபால் முகவரி வரிசைக்குத் திருப்ப வேண்டும். அதனால்தான் 192.168.1.20 என்பது 20.1.168.192.இன்-அட்ர்.அர்பா ஆகிறது. திருப்பிவிட்டால், "1.168.192-க்கு இடப்பக்கம் வருவதெல்லாம் என் பொறுப்பு" என்று ஒரு சர்வர் அந்தக் கிளையை மொத்தமாக எடுத்துக்கொள்ள முடிகிறது.

கடைசியில் நிற்கும் அர்பா, இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டை நடத்திய அமெரிக்க ஆராய்ச்சி முகமையின் பெயர்ச்சுருக்கம். பிறகு அதே நான்கு எழுத்துக்கு வேறு விரிவு ஒன்றைக் கண்டுபிடித்து ஒட்டிவைத்தார்கள். 1987-இல் வந்த டிஎன்எஸ் அடிப்படை ஆவணங்களான ஆர்எஃப்சி 1034, 1035 இரண்டும் இன்றும் நடப்பில் இருப்பவை. இன்-அட்ர்.அர்பா அவற்றிலேயே இருக்கிறது.

ஹோம்.அர்பா என்று நான் எழுதும் வீட்டுப் பெயரிலும் அர்பா வருகிறதே என்று குழம்ப வேண்டாம். வீட்டு நெட்வொர்க்குகளுக்கென்றே 2018-இல் ஆர்எஃப்சி 8375 ஒதுக்கிக் கொடுத்த பெயர் அது. இரண்டும் ஒரே மரத்தின் வெவ்வேறு கிளைகள், அவ்வளவுதான். வீட்டுக்கு .லோக்கல் என்று பெயர் வைத்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது. அது மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்ட பெயர். சில கருவிகள் உங்கள் சர்வரிடம் கேட்காமலே தாங்களாக அதைத் தேடும்.

உங்களுக்கு இது வேண்டுமா

எல்லாருக்கும் வேண்டியதில்லை. நீங்கள் ஓட்டுவது டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய டிஎன்எஸ் சர்வர் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதியதற்கும், தானே முகவரி கொடுத்த கருவிகளுக்கும் அது இரண்டு பக்கமும் பதில் சொல்லிவிடும். விளம்பரம் தடுக்கும் பை-ஹோலுக்குள் இருப்பதும் அதே சரக்குதான்.

பைண்ட் அப்படியில்லை. ஃபார்வர்ட் ஜோனில் நூறு பெயர் எழுதியிருந்தாலும் ரிவர்ஸ் பக்கம் ஒன்றுகூடத் தானாக வராது. பைண்டைப் பொறுத்தவரை இரண்டும் தொடர்பே இல்லாத இரண்டு நோட்டுப் புத்தகங்கள். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் எழுதுவது உங்கள் வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே அமைக்கப்போவது வீட்டுக்குள் மட்டும் செல்லும் தனியார் முகவரிகளுக்கு. வெளியுலகம் பார்க்கும் உங்கள் பொது ஐபி முகவரியின் ரிவர்ஸ் பதிவு இணைய சேவை நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதற்கு நீங்கள் என்ன ஜோன் எழுதினாலும் வெளியே யாரும் உங்களிடம் வந்து கேட்கமாட்டார்கள். வீட்டிலிருந்து மெயில் சர்வர் நடத்துபவர்கள் மோதிக்கொள்ளும் சுவர் இதுதான்.

முதலில் முகவரிகளை நிற்க வையுங்கள்

இன்று 20-இல் இருக்கும் பிரிண்டர் நாளை 54-க்குப் போனால் ரிவர்ஸ் ஜோன் பொய் சொல்லும். பெயர் இல்லாத எண்ணைவிடத் தப்பான பெயர் மோசம். நீங்கள் கேமராவைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள், உண்மையில் அது மிக்சிக்குப் பக்கத்தில் கிடக்கும் டேப்லெட்டாக இருக்கும். அதனால் ரவுட்டரில் முகவரி வழங்கும் டிஎச்சிபி பக்கத்துக்குப் போய், பெயர் வைக்கப்போகும் ஒவ்வொரு கருவிக்கும் முகவரியை ஒதுக்கிவிடுங்கள். பை ஓடும் முகவரி கட்டாயம் நிலையாக இருக்க வேண்டும்.

போன்களில் ஒரு சிக்கல் உண்டு. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய்யான மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் அடையாள எண்) காட்டும். போனின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் மேக் முகவரியைப் பார்த்து ரவுட்டரில் ஒதுக்கினால் பலிக்காது. வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை போன் அமைப்பில் அணைத்துவிட்டு ஒதுக்குங்கள். நான் போன்களுக்குப் பெயரே வைப்பதில்லை. வருவார்கள், போவார்கள்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து எண்ணையும் பெயரையும் எழுதுங்கள். இந்தக் கட்டுரைக்கு என் தாள் இது: 1 ரவுட்டர், 10 பை, 20 பிரிண்டர், 30 கோப்புகள் வைக்கும் நாஸ், 37 டிவி, 40 கேமரா. உங்கள் ரவுட்டர் 192.168.0 என்றோ 192.168.29 என்றோ 10-இல் தொடங்கும் வேறு வரிசையிலோ இருக்கலாம். எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

பைண்டிடம் ஜோனை அறிவிப்பது

/ஈடிசி/பைண்ட் ஃபோல்டரில் நேம்ட்.கான்ஃப்.லோக்கல் என்ற கோப்பு இருக்கும். உங்கள் ஃபார்வர்ட் ஜோனும் அநேகமாக அதில்தான் இருக்கிறது. அதன் கீழே இதைச் சேருங்கள்:

ஜோன் "1.168.192.இன்-அட்ர்.அர்பா" {
    டைப் மாஸ்டர்;
    ஃபைல் "/ஈடிசி/பைண்ட்/டிபி.192.168.1";
};

மாஸ்டர் என்பதற்குப் பதிலாகப் பிரைமரி என்றும் புதிய பைண்டில் எழுதலாம். ஜோன் பெயரில் எண்கள் தலைகீழ். கோப்புப் பெயரில் நேராக வைத்திருக்கிறேன். கோப்புப் பெயர் நம் வசதிக்கு, பைண்டுக்கு அதில் அக்கறை இல்லை. கடைசி வரியின் மூடும் அடைப்புக்குறிக்குப் பின்னாலும் அரைப்புள்ளி வேண்டும். அதை மறந்தால் பைண்ட் அடுத்த வரியைக் காட்டித் திட்டும். நீங்கள் தப்பே இல்லாத அந்த வரியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அதே கோப்பில் டெபியன்காரர்கள் ஜோன்ஸ்.ஆர்எஃப்சி1918 என்ற கோப்பை இணைக்கும் வரி ஒன்றை, செயல்படாதபடி குறியிட்டு வைத்திருப்பார்கள். அதைத் திறந்துவிட்டாலும் நம் ஜோனுக்கு இடைஞ்சல் இல்லை. ஏனென்றால் அதில் இருப்பது 168.192 என்ற பெரிய ஜோன், நம்முடையது அதற்குள் அடங்கும் 1.168.192. ஆனால் நீங்களும் 168.192 என்றே பெரிய ஜோன் எழுதுவதாக இருந்தால் ஒரே பெயர் இரண்டு தடவை வந்து பைண்ட் கிளம்ப மறுக்கும்.

பெரிய ஜோன் எப்போது வேண்டும்? வீட்டில் 192.168.1, 192.168.2 என்று இரண்டு மூன்று நெட்வொர்க் பிரித்து வைத்திருந்தால். அப்போது ஒரே ஜோனில் இடப்பக்கம் 20.1, 20.2 என்று எழுதலாம். அங்கேயும் தலைகீழ்தான்: கருவி எண் முதலில், நெட்வொர்க் எண் அடுத்து. ஒரே நெட்வொர்க் என்றால் சின்ன ஜோனே போதும்.

ஜோன் கோப்பு

இப்போது /ஈடிசி/பைண்ட் ஃபோல்டரில் டிபி.192.168.1 என்ற கோப்பை உருவாக்கி இப்படி எழுதுங்கள்:

$டிடிஎல் 3600
@ ஐஎன் எஸ்ஓஏ பை.ஹோம்.அர்பா. அட்மின்.ஹோம்.அர்பா. ( 2025030101 3600 900 604800 300 )
@ ஐஎன் என்எஸ் பை.ஹோம்.அர்பா.
1 ஐஎன் பிடிஆர் ரவுட்டர்.ஹோம்.அர்பா.
10 ஐஎன் பிடிஆர் பை.ஹோம்.அர்பா.
20 ஐஎன் பிடிஆர் பிரிண்டர்.ஹோம்.அர்பா.
30 ஐஎன் பிடிஆர் நாஸ்.ஹோம்.அர்பா.
37 ஐஎன் பிடிஆர் டிவி.ஹோம்.அர்பா.
40 ஐஎன் பிடிஆர் கேமரா.ஹோம்.அர்பா.

முதல் வரி, பதிலை வாங்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை விநாடி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்பது. 3600 என்றால் ஒரு மணி நேரம். அமைத்துப் பழகும் நாட்களில் 60 என்று வைத்துக்கொண்டால் மாற்றங்கள் உடனே தெரியும்.

@ என்ற குறி "இந்த ஜோனின் பெயரே" என்று பொருள்படும். அதனால்தான் ஜோனின் நிர்வாக விவரம் சொல்லும் எஸ்ஓஏ வரியில் மின்னஞ்சல் முகவரியில் @ போட முடியாமல் அந்த இடத்தில் புள்ளி வந்திருக்கிறது. அட்மின்.ஹோம்.அர்பா என்பது பெயர் இல்லை, ஹோம்.அர்பாவில் இருக்கும் அட்மின் என்ற ஆளின் அஞ்சல். வீட்டுக்குள் யாரும் கடிதம் போடப்போவதில்லை. என்ன எழுதினாலும் ஓடும்.

அடைப்புக்குறிக்குள் ஐந்து எண்கள். முதலாவது வரிசை எண். தேதியோடு இரண்டு இலக்கம் சேர்த்து எழுதுவது வழக்கம்: 2025 மார்ச் 1, அன்றைய முதல் திருத்தம். கோப்பை மாற்றும் ஒவ்வொரு தடவையும் இதைக் கூட்ட வேண்டும். உண்மையில் இந்த எண்ணை நம்பி இருப்பது இரண்டாம் நிலை டிஎன்எஸ் சர்வர்தான். ஒரே சர்வர் வைத்திருக்கும் வீட்டில் கூட்ட மறந்தாலும் பைண்ட் முனகிவிட்டுப் புதிய கோப்பை ஏற்றிக்கொள்ளும். இருந்தாலும் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். நாளைக்கு இரண்டாவது பை வாங்க மாட்டீர்கள் என்று என்ன நிச்சயம்? அடுத்த மூன்று எண்களும் அந்த இரண்டாம் சர்வருக்கானவையே. கடைசியில் இருக்கும் 300 நமக்கு முக்கியம். "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற பதிலை எத்தனை விநாடி நம்பலாம் என்பது அது. டெபியனோடு வரும் மாதிரிக் கோப்புகள் பலவற்றில் அந்த இடத்தில் 604800 இருக்கும், அதாவது ஒரு வாரம். மாதிரியை அப்படியே நகலெடுத்தால், ஒரு தடவை "இல்லை" என்று கேட்டுக்கொண்டு போன கருவி நீங்கள் பெயரைச் சேர்த்த பிறகும் வெகுநேரம் "இல்லை" என்றே சாதிக்கலாம்.

எண்ணுக்குப் பெயர் சொல்லும் பிடிஆர் வரிகளில் இடப்பக்கம் கடைசி எண் மட்டும். மிச்சத்தை ஜோன் பெயரிலிருந்து பைண்ட் ஒட்டிக்கொள்ளும். ஒரு எண்ணுக்கு ஒரு பெயர் போதும். இரண்டு பிடிஆர் எழுதுவது சட்டப்படி தப்பில்லை, ஆனால் கேட்கும் நிரல்களில் பெரும்பாலானவை எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு போய்விடும். வலப்பக்கம் எழுதுவது ஃபார்வர்ட் ஜோனில் ஏ பதிவாக (பெயருக்கு எண் சொல்லும் வரி) இருக்கும் உண்மையான பெயராக இருக்கட்டும். சிநேம் வைத்த செல்லப்பெயர் வேண்டாம்.

கோப்பில் குறிப்பு எழுத வேண்டுமென்றால் அரைப்புள்ளி போட்டு எழுதலாம். கவனியுங்கள்: ஜோன் கோப்பில் அரைப்புள்ளிக்குப் பிறகு வருவதெல்லாம் குறிப்பு, நேம்ட்.கான்ஃப்.லோக்கலில் அரைப்புள்ளி வாக்கியத்தை முடிப்பது. ஒரே குறிக்கு ஒரே ஃபோல்டரில் இரண்டு உத்தியோகம். பழக்க தோஷத்தில் பிடிஆர் வரியின் கடைசியில் அரைப்புள்ளி போட்டால் ஒன்றும் ஆகாது. கான்ஃப் கோப்பில் போடாமல் விட்டால்தான் வம்பு.

அந்தப் புள்ளி

பெயர்களின் கடைசியில் ஒரு புள்ளி இருக்கிறதே, பார்த்தீர்களா? "பெயர் இங்கே முடிந்தது, மேற்கொண்டு எதையும் ஒட்டாதே" என்று பைண்டுக்குச் சொல்வது அது. இல்லாவிட்டால் பைண்ட் ஜோன் பெயரை வாலாகச் சேர்த்துவிடும். பிரிண்டர்.ஹோம்.அர்பா என்று புள்ளி இல்லாமல் எழுதினால் கிடைக்கும் பதில் பிரிண்டர்.ஹோம்.அர்பா.1.168.192.இன்-அட்ர்.அர்பா.

ஃபார்வர்ட் ஜோனில் இந்த ஒட்டல் வசதியாக இருக்கும். பிரிண்டர் என்று மட்டும் எழுதினால் ஹோம்.அர்பா தானே வந்து சேரும். அந்தச் சுகத்தில் பழகிய கையோடுதான் நான் ரிவர்ஸ் ஜோன் எழுத உட்கார்ந்தேன். ஜோனின் சர்வர் பெயரைச் சொல்லும் என்எஸ் வரியில் புள்ளி வைத்திருந்தேன், பிடிஆர் வரிகள் எதிலும் இல்லை. சோதனைக் கட்டளை "ஓகே" என்றது. பைண்டின் பதிவேட்டில் (லாக்) ஒரு பிழையும் இல்லை. கேள்விக்குப் பதிலும் வந்தது. டெர்மினல் ஜன்னல் குறுகலாக இருந்ததால் பெயரின் வால் அடுத்த வரிக்கு மடங்கி, முதல் பார்வையில் எல்லாம் சரியாகவே பட்டது. பாதி நாள் ரவுட்டரையும் கேபிளையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சோதனைக் கட்டளை ஏன் பிடிக்கவில்லை? பிடிஆரின் வலப்பக்கம் எந்தப் பெயர் வேண்டுமானாலும் இருக்கலாம், அதனால் பைண்டுக்குச் சந்தேகமே வராது. என்எஸ் வரியில் புள்ளி விட்டிருந்தால் கதை வேறு. ஒட்டிய பெயர் நம் ஜோனுக்குள்ளேயே வந்து விழும். அந்தப் பெயருக்கு முகவரிப் பதிவு இல்லை என்று சொல்லி ஜோனையே ஏற்ற மறுத்துவிடும். ஆக, சத்தம் போடும் தப்பு என்எஸ்ஸில், சத்தமில்லாத தப்பு பிடிஆரில்.

சோதித்து ஏற்றுவது

கட்டளைகள் வரிசையாக. முதலில் கான்ஃப் கோப்பு:

சூடோ நேம்ட்-செக்கான்ஃப்

ஒன்றுமே சொல்லாமல் திரும்பினால் நல்லது. அடுத்து ஜோன் கோப்பு:

நேம்ட்-செக்ஜோன் -டி 1.168.192.இன்-அட்ர்.அர்பா /ஈடிசி/பைண்ட்/டிபி.192.168.1

அந்த -டி பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அது இருந்தால் பைண்ட் ஜோனை எப்படிப் புரிந்துகொண்டது என்று ஒவ்வொரு பெயரையும் முழுசாக விரித்துக் காட்டும். மேலே சொன்ன வால் இருந்தால் இங்கே பளிச்சென்று தெரியும். எனக்கு இது அன்றைக்கே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வரிசை எண்ணில் ஒரு இலக்கம் கூடுதலாக விழுந்திருந்தாலும் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். அது 32 பிட் எண், 4294967295-க்கு மேல் போக முடியாது.

சரியாக இருந்தால் ஏற்றுங்கள்:

சூடோ ஆர்என்டிசி ரீலோட்

பைண்டை நிறுத்தித் திரும்பக் கிளப்ப வேண்டியதில்லை. புது ஜோனையும் இதுவே சேர்த்துக்கொள்ளும். ஏறியதா என்று பார்க்க ஜர்னல்சிடிஎல் -யு நேம்ட். நம் ஜோன் பெயரும் வரிசை எண்ணும் ஏற்றப்பட்டதாக ஒரு வரி இருக்கும். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால், பைண்ட் ஓடும் பயனருக்கு அந்தக் கோப்பைப் படிக்க உரிமை இல்லை என்று அர்த்தம்.

இனி டிஎன்எஸ்ஸிடம் கேள்வி கேட்கும் டிக் கட்டளையால் கேட்டுப் பார்க்கலாம்:

டிக் @192.168.1.10 -எக்ஸ் 192.168.1.20

-எக்ஸ் போட்டால் எண்ணை நேராகவே கொடுக்கலாம், திருப்பும் வேலையை டிக் பார்த்துக்கொள்ளும். @ போட்டு உங்கள் சர்வரின் முகவரியைக் கொடுப்பதுதான் முக்கியம். கொடுக்காவிட்டால் கணினி எந்த சர்வரை வைத்திருக்கிறதோ அதைக் கேட்கும். அது உங்கள் பையாக இல்லாமலும் இருக்கலாம்.

பதிலில் இரண்டு இடங்களைப் பாருங்கள். நிலை நோஎரர் என்று இருந்து, கொடிகளில் ஏஏ இருந்தால் உங்கள் ஜோனிலிருந்தே பதில் வந்திருக்கிறது. என்எக்ஸ்டொமைன் என்றால் ஜோன் இருக்கிறது, அந்த எண் இல்லை. அல்லது ஜோன் பெயரில் எண்ணைத் திருப்பும்போது கை தவறியிருக்கிறது. செர்வ்ஃபெயில் வந்தால் பெரும்பாலும் ஜோன் ஏறவேயில்லை, பதிவேட்டுக்குத் திரும்பிப் போங்கள். ரிஃப்யூஸ்ட் என்றால் கேட்ட கணினியைப் பைண்ட் வீட்டு ஆளாக மதிக்கவில்லை. விபிஎன் வழியாக வேறு முகவரி வரிசையிலிருந்து கேட்கும்போது இது நடக்கலாம்.

ஜோன் எழுதாவிட்டால் கேள்வி எங்கே போகும்

நாம் எழுதாமல் விட்டிருந்தாலும் பைண்ட் இந்தக் கேள்விகளை வெளியே அனுப்பியிருக்காது. தனியார் முகவரிகளின் ரிவர்ஸ் ஜோன்களை வெறுமையாக உள்ளேயே வைத்துக்கொண்டு "இல்லை" என்று சொல்லிவிடும். நீங்கள் சொந்தமாக எழுதியதும் அந்த எண்களுக்கு உங்கள் ஜோனே பதில் சொல்லும்.

எல்லா சர்வர்களும் இவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. 192.168.1.20 யார் என்ற கேள்வியை உலகம் முழுவதிலுமிருந்து எத்தனையோ வீடுகளும் அலுவலகங்களும் வெளியே கசியவிடுகின்றன. யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி. 1996-இல் ஆர்எஃப்சி 1918 ஒதுக்கிய இந்த முகவரிகள் ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு கருவியைக் குறிப்பவை. இந்தக் குப்பையை வாங்கி "இல்லை" என்று சொல்வதற்கென்றே ஏஎஸ்112 என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. தன்னார்வலர்கள் பல நாடுகளில் சர்வர் வைத்து நடத்துகிறார்கள். அந்த சர்வர்களின் பெயர்களைப் பாருங்கள்: பிரிசனர், பிளாக்ஹோல்-1, பிளாக்ஹோல்-2. கைதியும் இரண்டு கருந்துளைகளும்.

மற்ற கருவிகள் உங்களிடம் கேட்க வேண்டாமா

டிக் பதில் சொல்லிவிட்டது, ஆனால் லேப்டாப்பில் இன்னும் எண்ணாகவே தெரிகிறது. இங்கே பலர் கைவிடுகிறார்கள். ரவுட்டரின் டிஎச்சிபி அமைப்பில் டிஎன்எஸ் என்ற இடத்தில் பையின் முகவரியைப் போட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது கட்டத்தில் கூகுளின் 8.8.8.8 போட்டிருப்பார்கள். முதலாவது விழுந்தால்தான் இரண்டாவதிடம் போகும் என்பது நம் கற்பனை. கருவிகள் தங்கள் இஷ்டத்துக்கு யாரை வேண்டுமானாலும் கேட்கும். கூகுளிடம் போய் 192.168.1.20 யார் என்றால் அதற்கு என்ன தெரியும்? ஒரு தடவை பெயர் வரும், மறு தடவை வராது. இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

பை-ஹோலை முன்னால் வைத்து பைண்டைப் பின்னால் வைத்திருந்தால், பை-ஹோல் அமைப்பில் நிபந்தனைக்குட்பட்ட ஃபார்வர்டிங்கை இயக்கி 192.168.1 வரிசைக்குப் பைண்டின் முகவரியைக் கொடுக்க வேண்டும். தனியார் முகவரிகளின் ரிவர்ஸ் கேள்விகளை வெளியே அனுப்பாதே என்ற விருப்பமும் அதே பக்கத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே பையில் ஓட்டினால் டிஎன்எஸ் கேள்விகள் வரும் போர்ட் 53-க்குச் சண்டை வரும், ஒன்றை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். எப்படியானாலும் ரவுட்டரில் 53-ஐ வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள்.

லேப்டாப் உண்மையில் என்ன பார்க்கிறது என்பதற்கு லினக்ஸில் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் 192.168.1.20 என்று கேளுங்கள். டிக் நேராக டிஎன்எஸ்ஸிடம் போகும். கெட்என்ட், ஹோஸ்ட்ஸ் கோப்பையும் சேர்த்து, மற்ற நிரல்கள் போகும் அதே வழியில் போகும். என்றைக்கோ ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதி மறந்த பெயர் ஒன்று வந்து நின்றால் ஆச்சரியப்படாதீர்கள்.

வேறு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் உள்ளே போக நேரமாகிறது, ரிவர்ஸ் ஜோன் வைத்தால் சரியாகும் என்று பழைய குறிப்புகளில் படித்திருப்பீர்கள். "இல்லை" என்ற பதில் வேகமாகத்தான் வரும். தாமதம் வருவது பதிலே வராதபோது. போதாததற்கு ஓபன்எஸ்எஸ்எச் 2015-இல் வந்த 6.8 பதிப்பிலிருந்து அந்த ரிவர்ஸ் பார்க்கும் வழக்கத்தைத் தானாகவே அணைத்து வைத்திருக்கிறது. இன்றைக்கு உங்கள் எஸ்எஸ்எச் மெதுவாக இருந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள்.

ஐபிவி6 வைத்திருந்தால்

முறை அதேதான், கிளை வேறு: ஐபி6.அர்பா. பதினாறடிமான இலக்கங்கள் 32-ஐயும் ஒன்றொன்றாகப் பிரித்து, இடையில் புள்ளி வைத்து, தலைகீழாக எழுத வேண்டும். சுருக்கி எழுதும்போது விட்ட பூச்சியங்கள் எல்லாம் திரும்ப வர வேண்டும். 64 பிட் நெட்வொர்க்குக்கு முதல் 16 இலக்கம் தலைகீழாக ஜோன் பெயருக்கு, மிச்ச 16 தலைகீழாகப் பதிவின் இடப்பக்கத்துக்கு. கையால் எழுதாதீர்கள். டிக் -எக்ஸ் போட்டு முகவரியைக் கொடுத்தால், கேள்விப் பகுதியில் முழுசாகத் திருப்பிய பெயரை அச்சிட்டுக் காட்டும். அங்கிருந்து வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள்.

இணைய நிறுவனம் கொடுக்கும் முன்னொட்டு மாறக்கூடியது, கருவிகளும் தற்காலிக முகவரிகளை அடிக்கடி மாற்றிக்கொள்கின்றன. அதனால் வீட்டுக்குள் நிலையாக வைத்திருக்கும் உள்ளூர் முகவரிகளுக்கு மட்டும் எழுதினால் போதும். நான் நாஸுக்கும் பைக்கும் மட்டும் வைத்திருக்கிறேன்.

புதுக் கருவி வரும்போது

ரவுட்டரில் முகவரி ஒதுக்கு, ஃபார்வர்ட் ஜோனில் ஒரு ஏ வரி, ரிவர்ஸ் ஜோனில் ஒரு பிடிஆர் வரி, இரண்டிலும் வரிசை எண்ணைக் கூட்டு, செக்ஜோன், ரீலோட். அப்புறம் இரண்டு பக்கமும் கேட்டுப் பாருங்கள்: பெயரைக் கொடுத்து வந்த எண்ணைத் திருப்பிக் கொடுத்தால் அதே பெயர் வர வேண்டும். கருவியைத் தூக்கிப் போடும்போதும் இரண்டு கோப்பிலும் அழிக்க வேண்டும். ரிவர்ஸ் பக்கத்தை மறப்பதுதான் வழக்கம். என் ஜோனில் விற்றுப்போன ஒரு லேப்டாப் வெகு காலம் 50-இல் குடியிருந்தது.

எல்லாம் முடிந்ததும் டிசிபிடம்ப்பைத் திரும்ப ஓடவிட்டேன். இந்தத் தடவை எண்களுக்குப் பதில் பெயர்கள் ஓடின. போர்ட் 53-ஐ வேடிக்கை பார்த்தால் இன்னொரு கூத்தும் தெரியும்: பெயரைக் காட்டுவதற்காக டிசிபிடம்ப்பே ரிவர்ஸ் கேள்வி கேட்கிறது, அந்தக் கேள்வியையும் தானே பிடித்துத் திரையில் போடுகிறது. அது தொல்லையாக இருந்தால் -என் போட்டு எண்ணுக்கே திரும்பிவிடலாம். 37 இன்னும் ஓயவில்லை. டிவியை ரிமோட்டில் அணைத்தாலும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. இரவில் சுவரில் இருக்கும் சுவிட்சையே அணைத்துவிடுகிறேன்.